பெரிய மூட்டையும் சின்ன மூட்டையும்

விடிந்ததிலிருந்து பெரியவள் பால்கனியின் கண்ணாடிக் கதவைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைப்பது, எட்டி நின்று பார்ப்பது, துணியை உதறிவிட்டு மறுபடி ஆரம்பிப்பது. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் ஆயுசில் பாதியைக் கழித்தவளுக்கு ஒரு கதவைச் சுத்தம் செய்ய இத்தனை நேரமா என்று நீங்கள் கேட்கலாம். கதவு ஒரு சாக்கு, அவ்வளவுதான். கை சும்மா இருந்தால் மனசு கண்டதையும் நினைக்கும். இன்றைக்குத் தங்கை வருகிறாள்.

வெறுமனே வரவில்லை. வீட்டைப் பார்க்க வருகிறாள். பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வாளாம். தங்கையின் வீட்டுக்காரர் காலமாகி, இருவருமாக நடத்திவந்த எழுதுபொருள் கடையும் கைமாறிவிட்டது. தூரத்து நகரத்தில் இருக்கும் மகன், "எங்கிட்ட வந்துடும்மா" என்கிறான். அக்காக்காரி, "எங்கிட்ட வந்துடுடி" என்கிறாள். மகனிடம் போய்விட்டால் அப்புறம் போனில் குரல்தான், எப்போதாவது ஒரு தடவை முகம்தான். பெரியவள் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லி வைத்திருக்கிறாள், ஒன்றுகூட நிஜமில்லை. மிச்சமிருக்கிற காலத்தைத் தங்கையோடு ஒரே வீட்டில் கழிக்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியது.

பெரியவள், சின்னவள் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். தலை நரைத்த பிறகும் அப்படித்தான். நாமும் அப்படியே கூப்பிடுவோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரியவளே வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அந்தப் பக்கம் பார்ப்பாள்.

தங்கையை இழுக்க அவள் வைத்திருந்த துருப்புச்சீட்டு இந்த வீடு. உச்சி மாடி. லிஃப்டை விட்டு வெளியே வந்தால் காற்று காதைப் பிடித்து ஆட்டும். சலவை அறையில் கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும், "இந்த வயசுல எதுக்கு இவ்ளோ ஒசரம்? கரண்டு போனா என்ன பண்ணுவ?" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. தங்கைக்குச் சொல்லாமலே புரியும் என்று நினைத்தாள். ஏனென்றால் இந்தக் கட்டடம் நிற்கிற மண்ணில்தான் அவர்கள் இருவரும் வளர்ந்த பொழுதுபோக்குப் பார்க் இருந்தது.

இப்போது சொன்னால் யார் நம்புகிறார்கள்? வாசல் காவலாளியிடம் ஒருநாள் சொன்னாள். "இங்கயா? சும்மா வெளையாடாதீங்கம்மா" என்று சிரித்துவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவன் பிறப்பதற்கு முன்னாலேயே எல்லாம் போய்விட்டது. ஆனால் பெரியவளுக்குப் போகவில்லை. வண்டிகள் நிற்கிற இடத்தில் கண்ணாடி மாளிகை இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி இருக்கிற மூலையில் மரக்குதிரைகள் சுற்றுகின்றன. அந்தக் குதிரைகளுக்கு வர்ணம் அடித்தவர் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். சோப்பு விளம்பரத்துப் பெண்களை வரைந்து வரைந்து கை பழகியவர். அதனால் ஒவ்வொரு குதிரைக்கும் மை தீட்டிய கண், நீளமான இமை, சிவந்த உதடு. ஏறி உட்காரக் கூச்சப்பட்ட ஆண்பிள்ளைகளும் உண்டு.

அம்மாவுக்கு டிக்கெட் கூண்டில் வேலை. ஒரு கை மட்டும் நுழைகிற ஓட்டை, அதற்குப் பின்னால் அம்மா. ஊரில் பாதிப் பேரை அம்மாவுக்குக் கையை வைத்துத்தான் தெரியும். கடைத்தெருவில் எதிரே வருகிறவரைப் பார்த்து முழிப்பாள். அவர் பையை மாற்றிப் பிடிக்கையில் கையைப் பார்த்துவிட்டு, "அட, நீங்களா!" என்பாள். கூண்டுக்குள் ஒரு மைக்கும் இருந்தது. காணாமல் போன குழந்தைகளை அம்மாதான் கூப்பிடுவாள். அந்தக் குரலைக் கேட்டால் காணாமல் போகாத குழந்தைகளும் ஓடிவந்து நிற்கும்.

அப்பா ராட்டினக்காரர். மேலே போய்க் கீழே வரும் அந்த ராட்டினம்தான் பார்க்கிலேயே பெரியது, ஊருக்கே அடையாளம் அதுதான். கூட்டம் நெரிகிற நாளில் அதை ஓட்டுவது ஒரு வேலையே இல்லை. எல்லாத் தொட்டிலும் நிறைந்துவிட்டால் தானாக வழுக்கிக்கொண்டு சுற்றும். கூட்டம் இல்லாத நாளில்தான் அப்பாவுக்கு வேர்க்கும். வந்திருப்பது ஒரே ஒரு குடும்பம் என்று வையுங்கள். அவர்களை ஒரு தொட்டிலில் ஏற்றிச் சுற்றினால் பாரம் ஒரு பக்கமாகத் தொங்கும். ஏறும்போது மோட்டார் முனகும், இறங்கும்போது சக்கரம் பாயும், நடுவில் எங்காவது உதறிக்கொண்டு நின்றாலும் நின்றுவிடும். அதற்கு வழி, பாரத்தைச் சுற்றிலும் பகிர்ந்து வைப்பது. மின்விசிறிக்கு மூன்று இறக்கை மாதிரி மூன்று இடத்தில் எடை வேண்டும். ஒன்று வந்தவர்கள். மற்ற இரண்டு இடத்துக்கு மற்ற ராட்டினக்காரர்கள் மணல் மூட்டை வைப்பார்கள்.

அப்பா மகள்களை வைத்தார். காரணம் கேட்டால், "மூட்டை சிரிக்காதே!" என்பார். அதுவும் சரிதான். சாலையில் போகிறவர் நிமிர்ந்து பார்த்தால் மேலே குழந்தைகள் கையாட்டிக்கொண்டு சுற்றவேண்டும். அப்போதுதான் அவருக்கும் ஏறத் தோன்றும். மணல் மூட்டையைப் பார்த்து யாருக்கு ஆசை வரும்? அதனால் பள்ளி விட்டதும் இருவரும் நேரே பார்க்குக்கு வந்துவிடுவார்கள். "பெரிய மூட்டை, ஏறு! சின்ன மூட்டை, ஏறு!" ஆளுக்கொரு தொட்டில். ஒருத்தி வயிற்றில் கால்வாசி சாப்பாடு கூடினாலும் அப்பாவுக்குச் சக்கரத்தின் சத்தத்தில் தெரிந்துவிடும். தோளில் பையோடு ஏறச்சொல்வார், இறக்கிவைக்கச் சொல்வார், செருப்பைக் கழற்றி மற்றவளிடம் கொடுக்கச் சொல்வார். ஒருத்தி வரமுடியாத நாளில் மற்றவளையும் ஏற்ற மாட்டார். இரண்டு இறக்கை விசிறி எப்படிச் சுற்றும்?

பெரியவள் அங்கேதான் வளர்ந்தாள். தரையில் இருந்ததைவிட மேலே இருந்த நேரம்தான் அவளுக்கு நினைவில் நிற்கிறது. தொட்டில் எழும்ப எழும்பச் சத்தமெல்லாம் கீழேயே தங்கிவிடும். முதலில் குதிரைகளின் பாட்டு தேயும், பிறகு அம்மாவின் மைக், பிறகு மோட்டார். உச்சியில் ஒன்றுமே இருக்காது. காற்று மட்டும் இருக்கும். ஊர் முழுக்க மொட்டை மாடிகளாக விரிந்து கிடக்கும். ஒரு மாடியில் ஒருத்தி ஈரத்தலையை விரித்துப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருப்பாள். இன்னொன்றில் ஒருவர் யாருக்கும் தெரியாமல் சிகரெட் பிடிப்பார். வானத்துக்கும் தெரியாது என்பது அவர் நினைப்பு. வெகு தூரத்தில் ஒரு வெளிச்சக்கோடு தெரியும், அது ஏரியா, தகரக் கூரையா என்று கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அவள் விரும்பவில்லை. பிறகு தொட்டில் சாயும், சத்தங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும், அப்பாவின் வழுக்கைத் தலை கடந்துபோகும், மறுபடியும் மேலே. வீட்டுப்பாடத்தை அங்கேயே எழுதினாள். கணக்கு வராதது அதனால்தான் என்று வாத்தியார் சொன்னதிலும் உண்மை இருக்கலாம்.

சின்னவள் எப்போதும் சற்றுத் தள்ளி இருந்தாள். இவள் ஏறும்போது அவள் இறங்கிக்கொண்டிருப்பாள். தொட்டில்களுக்குக் கூரை உண்டு. மேலேயிருந்து பார்த்தால் கூரைதான் தெரியும், கீழேயிருந்து பார்த்தால் அடித்தட்டுதான். தரையை ஒட்டி வரும்போது மட்டும் ஒரு கை வெளியே வந்து ஆடும், சிரித்த முகம் ஒன்று கடந்துபோகும். போதாதா? நம் இருவருக்கும் கிடைத்த மாதிரி ஒரு பிள்ளைப்பிராயம் எந்த ராஜா வீட்டுக் குழந்தைக்கும் கிடைத்திருக்காது என்று பெரியவள் அடிக்கடி சொல்வாள். சின்னவள் மறுத்ததே இல்லை.

பார்க் ஒரேநாளில் போகவில்லை. முதலாளி இறந்தார், அவருடைய பிள்ளைகளுக்கு அதில் நாட்டமில்லை. முதலில் படகு நின்றது, அடுத்து கண்ணாடி மாளிகையில் கண்ணாடிகள் குறைந்தன. ஒருநாள் பள்ளி விட்டு வந்தால் ராட்டினத்தின் தொட்டில்கள் எல்லாம் கழற்றப்பட்டுத் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அப்பா ஒரு ஓரமாக நின்று, யார் எதைத் தூக்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவள் ஒரு தொட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். எதிரே சுவர்தான் தெரிந்தது. சுவரையே பார்த்துக்கொண்டு இருட்டும் வரை இருந்தாள். அன்று வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை, சின்னவளைத் தவிர. அவள் மட்டும் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும் என்று அம்மா சொன்னாள்.

அதற்குப் பிறகு பெரியவளின் வாழ்க்கை நேர்எதிராகத் தரைக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவு கட்டடத்தின் அடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஆனால் அங்கேயும் அவளுக்கு வாய்த்தது சுற்றுகிற பொருள்தான். ஆள் உயர மெஷின்களில் போர்வைகளும் விரிப்புகளும் நாள் முழுக்க உருண்டன. நனைந்த போர்வை ஒரு பக்கமாகச் சேர்ந்துவிட்டால் மெஷின் குதித்துக் குதித்து நகர ஆரம்பிக்கும். மற்றவர்கள் ஓடிவந்து பொத்தானை அமுக்குவார்கள். இவள் அள்ளிப் போடும்போதே பார்த்துப் போடுவாள், இவளுடைய மெஷின் நின்ற இடத்தைவிட்டு அசையாது. சில மதியங்களில் வட்டக் கண்ணாடி வழியாக வெள்ளைத் துணிகள் எழும்பி விழுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். மெஷின்களின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைவிட்டு நழுவிப்போகும். யாராவது தோளைத் தட்டினால்தான் திரும்பி வருவாள்.

ஓய்வு பெற்ற பிறகு, பழைய இடத்தில் எழும்பிய கட்டடத்தில் வாடகைக்கு வீடு இருக்கிறது என்று கேள்விப்பட்டாள். ஏறிப் பார்த்தாள். பால்கனியில் நின்றதும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதே உயரம். அதே மொட்டை மாடிகள் இல்லை, ஆனால் அதே வானம். அந்த வெளிச்சக்கோடுகூடத் தெரிந்தது. சாயங்கால வேளைகளில் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தரை மெல்ல அசைகிற மாதிரி இருக்கும். இப்போது சாயும், இப்போது இறங்கும் என்று உடம்பு காத்திருக்கும். இறங்காது. இறங்கவே வேண்டாத ஒரு தொட்டில் இத்தனை காலம் கழித்துக் கிடைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலியையும் வாங்கிப் போட்டுவிட்டாள்.

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் சின்னவள் சுவரைப் பிடித்துக்கொண்டு இரைக்க இரைக்க நிற்கிறாள். முகமெல்லாம் வேர்வை.

"ஏன்டி, லிஃப்ட் ஓடலையா?"

"ஓடுது. நடந்தா ஒடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு."

"அதுக்காக இவ்ளோ மாடியா? எந்த டாக்டர்டி அவன், உன்மேல ஏதாவது பகையா?"

சின்னவள் சிரித்தாள். தண்ணீர் குடித்தாள். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சமையலறைக் குழாயைத் திறந்து மூடினாள், அலமாரிக் கதவுகளைத் தட்டினாள், குளியலறையைப் பார்த்து, "உன் கை பட்டா சுவர்கூட வெளுத்துடும்க்கா" என்றாள். உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்து, "இந்த ரூம் நல்லா இருக்கு" என்றாள். அந்த அறைக்கு ஜன்னல் மேலே சின்னதாக ஒன்றுதான்.

"அத விடு. நீ பாக்க வேண்டியது இங்க இருக்கு." பெரியவள் தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். "கண்ண மூடிக்கோன்னு சொல்லலாம்னு நெனச்சேன், வேணாம், நேராவே பாரு." கண்ணாடிக் கதவு நகர்ந்து திறந்தது, காற்று உள்ளே பாய்ந்தது. "சொல்லு, என்ன ஞாபகம் வருது?"

"ரொம்ப நல்லா இருக்குக்கா."

குரல் ஒரு மாதிரி இருந்தது. பிடித்திருந்த கை ஜில்லென்று இருப்பது அப்போதுதான் உறைத்தது. பெரியவள் திரும்பிப் பார்த்தாள். சின்னவள் வாசற்படியைத் தாண்டாமல், இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, முகத்தில் ஒரு சிரிப்போடு நின்றுகொண்டிருந்தாள்.

"கண்ண மூடிக்கிட்டு என்னத்தடி நல்லா இருக்கு?"

சின்னவள் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெரியவள் பதறிப்போய்க் கதவைச் சாத்தினாள். வீடு அமைதியானது.

"எனக்கு ஒசரம் ஆகாதுக்கா."

"எப்பலேருந்து?"

"எப்பவுமே."

"எப்பவுமேவா? நீ வளந்ததே ராட்டினத்துலடி!"

"ஆமா. அதுலதான்."

பெரியவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. தங்கை சிரிக்கவில்லை என்று கண்டதும் அது பாதியில் நின்றது. சின்னவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். ஏறினதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவாளாம். மேலே சத்தமே இல்லாமல் போகும்போதுதான் உயிரே போய்விடுமாம். குதிரைப்பாட்டு பெரிதாகக் கேட்டால் தரை வந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது மட்டும் கண்ணைத் திறந்து, கையாட்டிச் சிரித்துவிட்டு, மறுபடி மூடிக்கொள்வாளாம். வானம் எப்படி இருக்கும் என்றே பார்த்ததில்லையாம்.

பெரியவளுக்குப் பொத்துக்கொண்டு கோபம் வந்தது. யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? அப்பா என்ன புலியா, கரடியா?"

"சொன்னேன்க்கா."

"யார்கிட்ட?"

"அப்பாகிட்டதான். ஒருநாள் அழுதுட்டேன். அப்பா தலையத் தடவிக் குடுத்தாரு. 'அட, இதுக்கா அழுவாங்க? நாளைலேருந்து ரெண்டு பேருமே ஏற வேணாம், நான் மூட்டையே வெச்சுக்கறேன்'னு சொன்னாரு." சின்னவள் தரையில் விரலால் ஏதோ கோடு இழுத்தாள். "ரெண்டு பேரும்னு சொன்னாரு. நான் அப்படியே திரும்பி உன்னப் பாத்தேன். நீ உன் தொட்டில தேச்சுத் தேச்சுத் தொடச்சுக்கிட்டிருந்த. பாட்டு வேற. நான் அப்பாகிட்ட, சும்மா சொன்னேம்பா, எனக்கு ஒண்ணும் பயமில்லன்னு சொல்லிட்டு ஏறிட்டேன்."

பெரியவள் தங்கைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். அந்தக் காற்று, அந்த மொட்டை மாடிகள், அந்த வெளிச்சக்கோடு எல்லாம் இருந்தன, எதுவும் பொய்யாகிவிடவில்லை. ஆனால் அவள் மேலே போய் வானத்தைப் பார்த்த ஒவ்வொரு தடவையும், கொஞ்சம் தள்ளி ஒரு கூரைக்கு அடியில் ஒரு குழந்தை கண்ணை மூடிக்கொண்டு நடுங்கியிருக்கிறது. அவளுக்காக. ஒருநாள்கூட அந்தக் கூரைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று இவள் யோசித்ததில்லை.

சின்னவள்தான் முதலில் பேசினாள். எப்போதும் போல.

"இதுல என்னக்கா இருக்கு, விடு. நான் முடிவு பண்ணித்தான் வந்தேன். மகன்கிட்ட போகல, உன்கூடத்தான் இருக்கப்போறேன். இந்தக் கதவுக்குக் கெட்டியா ஒரு திரை போட்டுட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் உள்ரூம்ல இருந்துக்கறேன். நீ பாட்டுக்கு வெளிய உக்காந்து பாரு. பழகிடும்."

ஆசைப்பட்டது மொத்தமும் கைக்கு வந்துவிட்டது. தங்கையும் உண்டு, வானமும் உண்டு. ஒரு திரைதான் செலவு. பெரியவளின் வாயில் 'சரி' என்கிற சொல் வந்தே விட்டது. அதை மறைப்பானேன், அவளும் மனுஷிதான். அவள் தங்கையைப் பார்த்தாள். தங்கை முகத்தில் அதே சிரிப்பு இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது இருந்த சிரிப்பு.

"எந்திரி," என்றாள் பெரியவள்.

"எங்கக்கா?"

"இறங்கலாம், வா. தரையோட தரையா ஒரு வீடு பாக்கலாம். தரகர் எதிர்த்தெருவுலதான் இருக்காரு."

"ஆசையாப் புடிச்ச வீடுக்கா இது."

"ஆசதான். இல்லன்னு யாரு சொன்னா? எந்திரிடி."

லிஃப்ட் பக்கம் பெரியவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படியில் அவள் முன்னால் போனாள். சின்னவள் சுவரைத் தடவிக்கொண்டே பின்னால் வந்தாள். ஒரு வளைவில் காலடிச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் சின்னவள் படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுகிறாள். வீட்டுக்காரர் போனபோதுகூட அவள் இப்படி அழுது யாரும் பார்த்ததில்லை. மேலே ஏறி வந்த ஒரு பையன் கூச்சத்தோடு ஒதுங்கிப் போனான். பெரியவள் இரண்டு படி ஏறி வந்து, தங்கையை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அவ்ளோதான்டி. அவ்ளோதான். இறங்கியாச்சு."

"இன்னும் பாதி இருக்குக்கா," என்றாள் சின்னவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.